கீரைப் பாத்திக்குப் பத்தாண்டு கொடுங்கள்

மாண்புமிகு சிலாங்கூர் மந்திரி பெசார் அவர்களுக்கு,



கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கீரை வாங்கும் மூத்த பெண்களைக் கவனித்திருக்கிறேன். கட்டைப் பிரித்து இலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். பூச்சி அரித்த ஓட்டை நாலு இருந்தால் நிம்மதியாகக் கூடையில் போட்டுக்கொள்வார்கள். அவர்களில் பலர் தோட்டப்புறத்தில் முதுகில் பம்பு சுமந்து மருந்தடித்தவர்கள். நகம் கழன்றதையும் மூக்கில் ரத்தம் வடிந்ததையும் அனுபவித்த தலைமுறை அது.

அந்தப் பெண்களின் பாடுகளைத்தான் ஐரீன் பெர்னாண்டஸின் தெனாகனித்தா அமைப்பு 2002இல் அறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டு பாராகுவாட் களைக்கொல்லிக்குத் தடை வந்தது. 2006இல் அது தளர்ந்தது. முழுத் தடை வர 2020 ஜனவரி 1 ஆயிற்று. குளோர்பைரிபாஸ், கார்போபியூரான் எனும் பூச்சிமருந்துகளும் 2023இல்தான் வயலைவிட்டுப் போயின. எந்த விஷத்தை விற்கலாம் என்பதைக் கூட்டரசு தீர்மானிக்கிறது. நிலம் மாநிலத்தின் கையில் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் அரசு நிலத்தில் காய்கறி போடுவோரில் பலர் நம்பியிருப்பது டி.ஓ.எல். எனும் தற்காலிக உரிமத்தை. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி, அதை எந்த மாதம் எடுத்தாலும் டிசம்பர் 31உடன் முடிந்துவிடும். புதுப்பிக்கலாம், கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

ரசாயன உரம் போடுகிறவருக்கு இது கட்டுப்படியாகும். சில வாரங்களில் கங்குங் அறுத்துக் காசு பார்த்துவிடுவார். இயற்கை முறையில் இறங்குகிறவர் முதலில் மண்ணைத் தேற்ற வேண்டும். சாணமும் மட்கும் சேர்த்து, தட்டைப்பயறு விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழ வேண்டும். ஓரத்தில் செண்டுமல்லி நட வேண்டும். பூச்சி தின்னும் பூச்சிகள் குடிவரும் வரை பொறுக்க வேண்டும். வேப்பெண்ணெய்க் கரைசலை அடித்துவிட்டு நிமிர்வதற்குள் மாலை மழை கழுவிக்கொண்டு போகும். மறுபடி அடிக்க வேண்டும். முதல் ஓரிரு ஆண்டு விளைச்சலும் குறையும். ஒருவழியாக மண்புழு திரும்பி, அள்ளிய மண் புட்டுமாவு போல உதிரும் பதம் வரும் நேரத்தில், நிலம் வேறு திட்டத்துக்கு வேண்டுமென்று கடிதம் வந்தால் அவர் என்ன செய்வார்? தேற்றிய மண்ணைப் பெயர்த்து எடுத்துப் போக முடியுமா? வேளாண் துறையின் மைஆர்கானிக் சான்றிதழ் நல்ல ஏற்பாடுதான். அடுத்த ஆண்டு நிலம் இருக்குமா என்று தெரியாதவர் எதை நம்பி அதற்கு விண்ணப்பிப்பார்?

இடம் இருந்தால் நகருக்குள்ளும் இயற்கை முறையில் பயிரிட முடியும். பங்சாரில் மின்கம்பித் தடத்தின் கீழ் 2017இல் தொடங்கிய கெபுன்-கெபுன் பங்சார் சமூகத் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

அதே நிலச் சட்டம், 99 ஆண்டு வரை நிலம் வழங்க உங்களுக்கு அதிகாரம் தருகிறது. பொதுப் பயனுக்கு ஒதுக்கிய நிலத்தைக்கூட 21 ஆண்டு வரை குத்தகைக்கு விடலாம். நான் கேட்பது பத்தாண்டு. மருந்தில்லாமல் பயிரிட எழுதிக் கொடுப்போருக்கு மட்டும் கொடுங்கள். விளைச்சலில் நஞ்சு எச்சம் உண்டா என்று ஆண்டுதோறும் சோதியுங்கள். பிடிபட்டால் குத்தகையை ரத்து செய்யுங்கள், இதில் தயவு வேண்டாம். நிலத்தை எடுத்தே ஆகவேண்டுமென்றால் பக்கத்திலேயே மாற்று நிலமும், மண்ணைத் தேற்றிய உழைப்புக்கு இழப்பீடும் கொடுங்கள். கிள்ளான், பெட்டாலிங், கோல லங்காட் மாவட்ட நில அலுவலகங்களுக்கு இந்த ஆண்டு உரிமம் முடிவதற்குள் உத்தரவு போய்ச் சேரட்டும்.

இப்படிக்கு,
கிள்ளான்வாசி ஒருவர்