தக்காளி நடும் முன் ஐந்தாண்டு விலையை ஒரே படத்தில் பாருங்கள்

2023 ஜூலையில் தக்காளியின் சில்லறை விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. தமிழக அரசே நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. அந்த விலையை நம்பி ஜூலையில் நாற்று நட்டிருந்தால், முதல் பறிப்புக்குச் செப்டம்பர் ஆகியிருக்கும். அதற்குள் வரத்து கூடி, பல இடங்களில் பறிகூலிக்கும் கட்டாத அளவுக்கு விலை இறங்கிவிட்டது.

இன்றைய விலை நாம் விற்கப்போகும் நாளின் விலை அல்ல. விற்கும் மாதத்தில் வழக்கமாக என்ன நடக்கிறது என்பதைப் பல ஆண்டு விலையில்தான் பார்க்க முடியும். உங்கள் கைபேசியில் எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ் இருந்தால் போதும்.

செய்ய வேண்டியவை:

1. அக்மார்க்நெட் இணையதளத்தில் உங்களுக்கு அருகிலுள்ள சந்தையின் மாதவாரி விலையை எடுங்கள். அது குவிண்டால் கணக்கு. 100-ஆல் வகுத்தால் கிலோ விலை.

2. முதல் பத்தியில் ஜனவரி முதல் டிசம்பர் வரை கீழ்நோக்கி எழுதுங்கள். அடுத்த ஐந்து பத்திகளில் ஆண்டுக்கு ஒன்றாக விலையை இடுங்கள். தலைப்பில் வெறும் 2023 என்று போட்டால் அதையும் விலையாக எடுத்துக்கொள்ளக்கூடும். '2023 விலை' என்று எழுதுங்கள்.

3. விலை கிடைக்காத மாதத்தைக் காலியாக விடுங்கள். பூஜ்யம் போட்டால் கோடு தரைக்கு இறங்கிவிடும்.

4. அட்டவணை முழுவதையும் தேர்வு செய்து கோட்டு வரைபடம் போடுங்கள். ஆண்டுக்கு ஒரு கோடு வரும்.

அறுபது மாதத்தையும் ஒரே நீளக் கோடாக இழுத்தால் பருவம் கண்ணுக்குத் தெரியாது. ஆண்டுக் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பார்க்கும்போது, எல்லாக் கோடும் ஒரே மாதத்தில் ஏறினால் அது பருவத்தின் குணம். ஒரு கோடு மட்டும் துள்ளினால், அந்த ஆண்டு மழையோ நோயோ செய்த வேலை. அதை நம்பி நடவேண்டாம். சராசரியை மட்டும் பார்த்தாலும் ஏமாற்றும்: ஒரே ஒரு நல்ல ஆண்டு அதைத் தூக்கிவிடும். ஐந்தில் மிகக் குறைந்த விலை உங்கள் செலவைத் தாங்குமா என்று பாருங்கள்.

நாட்டளவில் ஜூலை–ஆகஸ்ட், அக்டோபர்–நவம்பர் மாதங்களில் தக்காளி உற்பத்தி குறைவது வழக்கம். ஜூலையில் விற்க ஏப்ரல் கடைசியிலேயே நட்டிருக்க வேண்டும். அப்போது கோடை வெயிலில் பூ உதிரும், வெள்ளை ஈயால் இலைச்சுருள் நோய் பரவும். அதனால்தான் அந்த விலை. தண்ணீர் வசதி உள்ளவர்கள் மட்டும் முயலுங்கள். மற்றவர்கள் நிலம் முழுவதையும் ஒரே நாளில் நடாமல், இருபது நாள் இடைவெளியில் பகுதி பகுதியாக நடுங்கள். ஒரு பறிப்பில் விலை விழுந்தாலும் அடுத்தது கைகொடுக்கும்.