ஏரியல் எழுத்தில் ஓடிய டப்பா கார்

மாடல் கார் கட்டுகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. எஞ்சினில் ஒயர் எங்கே போகிறது, டயரில் எத்தனை வரி இருக்கிறது என்று மணிக்கணக்கில் மல்லுக்கு நிற்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு, கதவில் வரவேண்டிய எண்ணையும் பெயரையும் மட்டும் கணினியில் முதலில் கண்ணில் பட்ட எழுத்துருவில் அச்சடித்து ஒட்டிவிடுவார்கள். அதுவும் எந்தக் காரில்? அமெரிக்காவின் பழைய ஜலோப்பி பந்தயக் காரில்!

ஜலோப்பி என்றால் தகர டப்பா கார் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அமெரிக்காவில் 1930களின் ஃபோர்டு, செவர்லே கார்கள் சல்லிசாகக் கிடைத்தன. மட்கார்டைக் கழற்றி, கண்ணாடியை எடுத்துவிட்டு, மண் பாதையில் வட்டமடித்துப் பந்தயம் விட்டார்கள். இந்தக் கார்களுக்கென்று கம்பெனி வண்ணம் எதுவும் கிடையாது. கையில் கிடைத்த எனாமல்தான் பெயிண்ட். பல கார்களுக்கு ஸ்பிரே கூடக் கிடையாது, வெறும் பிரஷ்தான். கதவில் எழுதியது உள்ளூர் போர்டு பெயிண்டர். அவருக்குக் கொடுக்கக் காசில்லையென்றால், கையெழுத்து கொஞ்சம் நன்றாக இருக்கும் ஒரு நண்பன்.

அப்படிப்பட்ட காரில் போய் ஏரியல் எழுத்து! ஏரியல் பிறந்ததே 1982ல். அதற்கு முன்னோடியான ஹெல்வெட்டிகா 1957ல் வந்தது. உடனே ஒருவர், "பிரஷ் ஸ்கிரிப்ட் 1942லேயே வந்துவிட்டதே" என்று மடக்குவார். வந்தது, அச்சகத்துக்கு. அதில் ஒரு சொல்லில் இரண்டு 'ஓ' வந்தால் இரண்டும் ஒரே வார்ப்பு. கையால் எழுதினால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், இரட்டையர் மாதிரி இருக்காது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் எல்லாமே அதில்தான் இருக்கிறது.

எண்ணின் அளவிலும் இதே அலட்சியம். அன்று சுற்றுகளை எண்ணியது மனிதக் கண். புழுதிக்கு நடுவே பாய்ந்து போகும் காரின் எண்ணைப் பார்த்து ஒருவர் தாளில் குறித்துக்கொண்டிருந்தார். அதனால்தான் கதவு நிறைய எண். அழகுக்காக அதைச் சின்னதாக்கி ஓரத்தில் ஒட்டுகிறவருக்கு அந்த எண் எதற்காக இருந்தது என்பதே தெரியவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. பழைய கார் என்றாலே துரு என்று நினைக்கிற கோஷ்டி. கதவு, கூரை, பானெட் எல்லா இடத்திலும் காவி நிறத்தில் பொடி தூவுவார்கள். 1950ல் ஓடிய 1934 மாடல் காருக்கு வயது 16தான் ஐயா! அதில் சுத்தியலால் தட்டி நிமிர்த்திய நெளிசல் இருக்கும், சேறு இருக்கும், பழைய வண்ணத்தின் மேல் அவசரமாக அடித்த புது வண்ணம் இருக்கும். இவர்கள் தூவுகிற துரு பந்தயத்தில் வந்ததல்ல, அதன் பிறகு பல வருஷம் வயலில் கிடந்து வந்தது. பந்தயக் காரைச் செய்வதாகச் சொல்லிக்கொண்டு அதன் பிணத்தைச் செய்கிறார்கள்.

"பொழுதுபோக்குக்குச் செய்கிறோம், இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். இருக்கிறது. பார்னெல்லி ஜோன்ஸ் என்ற பெயரைப் பந்தயம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். 1963ல் இண்டியானாபொலிஸ் 500ஐ வென்றவர், 2024ல் காலமானார். அவருடைய உண்மையான பெயர் ரூஃபஸ் பார்னெல் ஜோன்ஸ். 17 வயதில் கலிபோர்னியாவின் கார்டினா ஊரில் ஜலோப்பி ஓட்ட வந்தபோது பந்தயத்துக்கு வேண்டிய வயது அவருக்கு ஆகவில்லை. உண்மைப் பெயர் தெரியாமலிருக்க ஒரு நண்பர் புதுப் பெயர் வைத்தார். பள்ளியில் அவரை விரும்பிய நெல்லி என்ற பெண்ணையும் சேர்த்துக் கிண்டலாக, காரின் கதவில் 'பார்னெல்லீ' என்று கடைசியில் ஓர் எழுத்தைக் கூட்டி எழுதினார். பிறகுதான் அது சுருங்கி உலகம் அறிந்த பெயரானது. அந்தக் காரின் மாடலைச் செய்கிற ஒருவர் "எழுத்துப் பிழை" என்று அந்த ஓர் எழுத்தை நீக்கிவிட்டால்? பிழை போகாது, கதைதான் போகும்.

பெரும்பாலான ஜலோப்பிகள் நசுங்கிப் பழைய இரும்பாகிவிட்டன. மிச்சமிருப்பது கருப்பு வெள்ளைப் புகைப்படங்கள். அதில் சிவப்பும் நீலமும் ஒரே சாம்பலாகத் தெரியலாம், ஆகவே வண்ணத்தில் ஊகம் தவிர்க்க முடியாது. ஆனால் எழுத்து அப்படியே தெரிகிறது. சாய்ந்த 'ஏழு', இடம் போதாமல் நெருக்கி எழுதிய கராஜ் பெயர், இடக் கதவுக்கும் வலக் கதவுக்கும் பொருந்தாத எண்... உறுதியாகத் தெரிந்த ஒன்றை விட்டுவிட்டு, தெரியாத வண்ணத்துக்குச் சண்டை போடுவது என்ன நியாயம்?

"அவ்வளவு சின்னதாகக் கையால் எழுத முடியாது" என்பது கடைசி சாக்கு. 45 சென்டிமீட்டர் எண், 1/25 அளவில் 18 மில்லிமீட்டர். நல்ல பிரஷ் இருந்தால் தாராளமாக எழுதலாம். சின்னப் பெயர்களைத் தாளில் பெரிதாகக் கையால் எழுதி, ஸ்கேன் செய்து, சுருக்கி, டீக்கால் தாளில் அச்சடிக்கலாம். சாதாரண பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. அதனால் வெள்ளை எழுத்தை மட்டும் பிரஷ்ஷால்தான் எழுதவேண்டும். கை நடுங்கும், கோணலாகத்தான் வரும்.

வரட்டுமே! அன்று கதவில் எழுதிய நண்பனுக்கும் கோணலாகத்தான் வந்தது.