நொய்யல்: தண்ணியை விடுங்க, சேத்தைப் பாருங்க

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊருன்னா திருப்பூருக்குக் கிழக்கால, நொய்யல் கரையில, ஒரத்துப்பாளையம் அணைக்கு ரொம்பத் தள்ளாத ஒரு கிராமம். அம்மாவோட அப்பா, எங்க அப்புச்சி, இன்னமும் அங்கதான் இருக்கார். சாப்பிட்டுட்டுத் திண்ணையில உக்காந்ததும் ஆரம்பிச்சார்.

"ஆத்து வண்டல் கெடைக்குதுன்னு பேசிக்கறாங்க கண்ணு. நாலு டிப்பர் அடிச்சு மேக்காட்டுக்குப் போட்டுட்டம்னா மண்ணு தேறிப்போகும்."

"வேண்டாங் அப்புச்சி."

"ஏண்டா சாமி? வண்டலுன்னா நெலத்துக்குச் சோறு. எங்கப்பன் காலத்துல இருந்து அடிக்கறோம்."

அங்க ஆரம்பிச்ச சண்டைதான் இந்தப் பதிவு. பொட்டி தட்டறவனுக்கு வண்டலைப் பத்தி என்ன தெரியும்னு கேக்கறவங்க தாராளமா கேக்கலாம். அப்புச்சியும் அதைத்தான் கேட்டார் :-)

முதல்ல ஒரு வாக்குமூலம். எங்கப்பா திருப்பூர்ல சாயப்பட்டறைத் தொழிலாளி. சாஃப்ட் ஃப்ளோ மெஷின் ஓட்டுவார். நான் படிச்ச இன்ஜினியரிங், இப்ப பெங்களூர்ல குடுக்கற வாடகை, இந்தப் பதிவை அடிக்கற லேப்டாப், எல்லாத்துக்கும் மூலதனம் சாயம்தான். அப்புச்சியோட கிணத்துத் தண்ணி உப்பாகி, தென்னை குருத்து காஞ்சு விழுந்ததுக்கும் காரணம் அதே சாயம்தான். வாதி, பிரதிவாதி ரெண்டு பேரும் எங்க வீட்ல ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடுவாங்க. அதனால 'முதலாளி ஒழிக'ன்னும் எழுத முடியாது, 'தொழில் வளர்ச்சி'ன்னு மழுப்பவும் முடியாது.

கதை உங்களுக்குத் தெரிஞ்சதுதான், சுருக்கமா சொல்லிடறேன். வெள்ளிங்கிரி மலையில பொறந்து, கோயமுத்தூர், திருப்பூர் வழியா வந்து காவிரியில சேர்ற ஆறு நொய்யல். பாசனத்துக்குன்னு 1992-ல ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டி முடிச்சாங்க. அணையில வந்து நின்னது சாயத் தண்ணி. விவசாயிங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2006-ல சென்னை உயர்நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவுநீர் கூட வெளிய விடக்கூடாதுன்னு சொல்லுச்சு. 2009-ல உச்சநீதிமன்றமும் அதையே சொல்லுச்சு. ஒண்ணும் நடக்காததால 2011 ஜனவரியில 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளை ஒரே உத்தரவுல மூடினாங்க. அப்ப எனக்கு வயசு பதிமூணு. அப்பா மாசக்கணக்கா வீட்ல உக்காந்திருந்தார். அம்மா தோடு அடகுக்குப் போச்சு. அந்த வருசம் ஆத்துல கலர் இல்லாமத் தண்ணி ஓடுதுன்னு ஊர்ல பேசிக்கிட்டாங்க. எங்க வீட்ல யாரும் போய்ப் பாக்கல.

அப்புறம் சுத்திகரிப்பு நிலையங்கள் சரியாகி, தண்ணியையும் உப்பையும் பிரிச்சுத் திரும்பப் பயன்படுத்தற முறை வந்து, தொழில் மறுபடி ஓடுது. நல்ல விஷயம்தான், அதை நான் குறை சொல்லல. என் கேள்வி வேற. இத்தனை வருசமா நாம பேசினதெல்லாம் தண்ணியைப் பத்தி மட்டும்தான். தண்ணி ஓடிப் போயிடும். சேறு அங்கயேதான் கிடக்கும்.

கொஞ்சம் விவரமா பாப்போம்.

பருத்தித் துணியில சாயம் ஏற உப்பு வேணும். அடர் கலருன்னா தொட்டியில லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலயும் போடறதுண்டு. கடல் தண்ணியிலயே லிட்டருக்கு 35 கிராம் சுமாருக்குத்தான் உப்பு. இந்த உப்பு துணியில ஒட்டாது, அப்படியே கழிவுல வந்துடும். நன்னீர் மீனோட உடம்பு, சுத்தி இருக்கற தண்ணியை விட உப்பு ஜாஸ்தி. அதனால தண்ணி செவுள் வழியா உள்ள வந்துக்கிட்டே இருக்கும். அதை மூத்திரமா வெளியேத்திக்கிட்டு, தண்ணியில இருக்கற கொஞ்சநஞ்ச உப்பைச் செவுளால இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, நாள் முழுக்க ஒரு பம்ப்செட் மாதிரி அது வேலை பாக்குது. வெளிய உப்பு ஏற ஏற இந்தக் கணக்கு புரண்டுடும். மீனாவது ஓரளவு தாங்கும். கல்லுக்கடியில இருக்கற மேஃப்ளை மாதிரிப் பூச்சிங்க பல மீன்களுக்கு முன்னாடியே காலி.

இங்கதான் எனக்குக் கோபம் வர்ற ஒரு வாதம் இருக்கு. "ஆத்துல மீன் இருக்குதே, அப்புறம் என்ன மாசு?"ம்பாங்க. என்ன மீன்னு கேளுங்க. ஜிலேபி! 1952-ல ஆப்பிரிக்கச் சரக்கா இந்தியாவுக்குள்ள வந்தது. அது கடல் தண்ணியிலயே பொழைக்கும், ஆக்சிஜன் கம்மியா இருந்தாலும் சமாளிக்கும். அது உசுரோட இருக்கறதை வெச்சு ஆறு நல்லா இருக்குன்னு சொல்றது, கரப்பான் பூச்சி திரியறதைப் பாத்துட்டு ஓட்டல் சுத்தம்னு சொல்ற மாதிரி. அப்புச்சி சின்ன வயசுல பிடிச்ச அயிரையும் ஆராலும் எங்கன்னு கேட்டா பதில் வராது.

அடுத்தது உலோகம். சில சாயங்கள்ல குரோமியம், தாமிரம் மாதிரி உலோகங்கள் உண்டு. முலாம் பூசற பட்டறைக் கழிவுலயும் உண்டு. இதெல்லாம் தண்ணியில ரொம்ப நாள் மிதக்காது, நைஸான களிமண் துகள்ல ஒட்டிக்கும். ஓடற தண்ணி அணையில வந்து நின்னதும் அந்தத் துகள் அடியில படியும். அதாவது பாசனத்துக்குக் கட்டின அணை, யாரும் திட்டம் போடாமலே ஒரு செட்டில்மென்ட் டேங்க் ஆயிடுது. ஆக்சிஜன் இல்லாத கருஞ்சேத்துல சல்பைடு இருக்கும். அது பல உலோகங்களைக் கட்டி வெச்சிருக்கும். சரி, அடங்கிக் கிடக்கட்டும்னு விட்டா, வெயில்ல சேறு காஞ்சு காத்து படும்போதும், வெள்ளம் வந்து கலக்கும்போதும் அந்தக் கட்டு அவுந்து உலோகம் மறுபடி வெளிய வரும். நம்ம தொழில் பாஷையில சொன்னா, தண்ணி வெறும் ஸ்க்ரீன், சேறுதான் லாக் ஃபைல். ஸ்க்ரீன்ல எர்ரர் போயிடுச்சேன்னு யாராவது பக்-ஐ குளோஸ் பண்ணுவோமா?

அந்தச் சேத்துல ஒரு ஊரே குடியிருக்கு. புழு, நத்தை, மட்டி, கொசு மாதிரி இருக்கற ஆனா கடிக்காத கைரோனமிட் பூச்சியோட குஞ்சு. இதுங்க சேத்தைத் தின்னு, கிளறி, காத்தோட்டம் குடுத்து, அழுகினதை மக்க வைக்குது. மீன் இதுங்களைத் தின்னும். பூச்சி றெக்கை முளைச்சுப் பறந்ததும் சிலந்தி, தகைவிலான், வௌவால் எல்லாம் தின்னும். அடியில இருக்கற சில விஷங்கள் இப்படித்தான் கரையேறுது. சேறு கெட்ட இடத்துல கைரோனமிட் குஞ்சோட வாய்ப்பல்லு கோணலா வளரும். அதை மைக்ராஸ்கோப்ல எண்ணியே மாசை மதிப்பிடற ஆராய்ச்சியாளர்கள் இருக்காங்க.

மூணாவது ரகம் இன்னும் மோசம், ஏன்னா எதுவும் சாகாது. துணி கழுவற சில சோப்பு ரசாயனங்கள் உடைஞ்சா நோனைல்பீனால்னு ஒண்ணு வரும். அது சேத்துல தங்கும், மீன் உடம்புக்குள்ள பெண் ஹார்மோன் மாதிரி நடிக்கும். நோனைல்பீனால் இல்ல, அதை விட வீரியமான கருத்தடை மாத்திரை ஹார்மோனை வெச்சு, இந்த மாதிரி நடிப்பு என்ன செய்யும்னு கனடாவுல ஒரு முழு ஏரியிலயே பாத்தாங்க. 2001-ல இருந்து 2003 வரைக்கும், லிட்டருக்கு வெறும் 5, 6 நானோகிராம் அளவுல கலந்தாங்க. மீன் செத்து மிதக்கல. ஆண் மீன் உடம்புல முட்டைக்கான புரதம் உருவாச்சு, அடுத்த தலைமுறை வரல, ஒரு சின்ன மீன் இனம் கிட்டத்தட்ட துடைச்சுப் போச்சு. கலக்கறதை நிறுத்தின பிறகு சில வருசத்துல அது மீண்டதுங்கறதுதான் நல்ல செய்தி.

நோனைல்பீனால் தர்ற இந்தச் சோப்பு ரசாயனத்துக்கு, இறக்குமதி ஆகற துணிகள்லயும் 2021-ல இருந்து ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்பாடு போட்டிருக்கு. அவங்க ஊர்ல பனியனைத் துவைச்சா அவங்க ஆத்துக்குப் போகுமேன்னு. பனியன் செஞ்ச ஊர் ஆத்தைப் பத்தி நாமதான் கவலைப்படணும்.

இப்ப நம்ம சட்டம் என்ன அளக்குதுன்னு பாருங்க. ஆத்துல விடற கழிவுல கரைஞ்ச உப்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம் தாண்டக் கூடாது. மீன் சோதனை கூட உண்டு: கழிவுநீர்ல மீனை விட்டா 96 மணி நேரத்துக்கு அப்புறம் 90 சதவீதம் உசுரோட இருக்கணும். ரெண்டும் வேணும்தான். ஆனா கனடா ஏரித் தண்ணி இந்தச் சோதனையில ஜோரா பாஸ் ஆயிருக்கும்! நாலு நாள்ல சாகலைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தமில்ல.

திண்ணைக்குத் திரும்புவோம். அப்புச்சி கேட்டார், "வெசம் இருக்குதுன்னு எவன் சொன்னான்?" நியாயமான கேள்வி. மண்வள அட்டையை எடுத்துட்டு வந்தார். தழை, மணி, சாம்பல், துத்தநாகம், இரும்புன்னு 12 விஷயம் பாக்கறாங்க. குரோமியம், ஈயம், காட்மியம் அதுல கிடையாது. அந்த அட்டை 'இந்த நிலத்துக்கு என்ன பத்தாது'ன்னு சொல்லும். 'என்ன இருக்கக் கூடாது'ன்னு சொல்லாது. என்கிட்ட பதில் இல்ல.

மறுநாள் காலையில ரெண்டு பேரும் ஆத்துக்குப் போனோம். ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பேசின், ஒரு மாவு சல்லடை, அவ்வளவுதான். ஓரத்துச் சேத்தை அள்ளி அலசினோம். தலையைச் சேத்துல புதைச்சு வாலை ஆட்டற செம்புழு, பத்து நிமிசத்துல நூத்துக்கு மேல. வேற ஒண்ணுமே இல்ல. அதுங்க உடம்புல ஹீமோகுளோபின் இருக்கு, அதனாலதான் ஆக்சிஜன் இல்லாத இடத்துலயும் பொழைக்குது. ஒரு தடவை வெள்ளிங்கிரி அடிவாரத்துல இதே ஆத்துல கல்லைப் புரட்டினப்ப தட்டான் குஞ்சு, மேஃப்ளை, சின்ன நண்டுன்னு விதவிதமா ஓடுச்சு. செம்புழு வெறும் சாக்கடைத் தண்ணியிலயும் வரும், அதனால இது உலோகத்துக்கு ஆதாரம் கிடையாதுன்னு அப்புச்சிகிட்ட நேர்மையா சொன்னேன்.

அவர் பேசினைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு, "நத்தை கூட இல்லியேடா"ன்னார். திரும்பி வர்ற வழியெல்லாம் பேசல. டிப்பர்காரருக்குப் போன் பண்ணி, "அப்பறம் சொல்றேன்"னு வெச்சுட்டார்.

என் கருத்து இவ்வளவுதான். ஒண்ணு, தொழிற்சாலை ஓரத்து ஆறு, குளம் எதையும் தூர்வாரி மண்ணை நிலத்துக்கு அனுப்பறதுக்கு முன்னாடி உலோகச் சோதனை கட்டாயம். நல்ல ஏரி வண்டல் வரம்தான், ஆனா இது அந்த வண்டல் இல்ல. ரெண்டு, தண்ணி எண்ணோட சேத்துல இருக்கற உசுரையும் எண்ணணும். இங்கிலாந்துல இதுக்கு எளிமையான மார்க் முறையே உருவாக்கினாங்க: சில மேஃப்ளை குடும்பங்களுக்கு 10, கைரோனமிட்டுக்கு 2, செம்புழுவுக்கு 1. நம்ம காலேஜ் பசங்க சல்லடையோட போனா செலவே இல்ல. மூணு, முடிவை ஊர்ப் பஞ்சாயத்து போர்டுல தமிழ்ல எழுதி ஒட்டணும். கோர்ட்டு கேட்டா மட்டும் குடுக்கற ஃபைலா இருக்கக் கூடாது.

இதுல எதுவும் பட்டறையை மூடச் சொல்லல. எங்கப்பா கிட்ட படிச்சுக் காட்டினேன். "சேத்தை எண்ணினா எங்களுக்கு என்னடா நட்டம், எண்ணட்டும்"னார். வாதி, பிரதிவாதி ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட ஒரே விஷயம் இதுதான் :-)

டிஸ்கி: உங்க ஊர் ஆத்துல ஒரு பேசின் சேறு அள்ளிப் பாத்துட்டு என்னென்ன இருந்துச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. கைக்கு உறை போட்டுக்கோங்க. நான் போடல, அம்மாகிட்ட திட்டு வாங்கினேன்.