தலைப்பைத் தணிக்கை செய்யும் உதவித்தொகை

அயல்நாடு சென்று முதுகலையோ முனைவர் பட்டமோ பயில விழையும் ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்கென இந்திய அரசு 1954-55 முதல் நடத்திவருவது தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டம். ஆண்டுக்கு 125 இடங்கள்; அவற்றுள் 115 பட்டியல் சாதியினருக்கு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு எட்டு லட்சத்தைத் தாண்டக் கூடாது, வயது முப்பத்தைந்துக்குள் இருக்கவேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளோடு நமக்கு வழக்கில்லை. 2022 பிப்ரவரியில் விதிகளுக்குள் புகுந்த ஒரு பத்தியோடுதான் வழக்கு.

இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு உதவி கிடையாது என்றது அப்பத்தி. எந்தத் தலைப்பு இவ்வகையில் அடங்கும் என்பதைத் தேர்வுக்குழுவே இறுதியாக முடிவுசெய்யும் என்றும் சொன்னது. இவற்றைக் கற்க உள்நாட்டிலேயே தகுந்த நிறுவனங்களும் அறிஞர்களும் இருக்கின்றனர் என்பது அரசுத் தரப்பின் விளக்கம்.

இந்த விளக்கத்தைச் சற்றே உரசிப் பார்ப்போம். பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையில் 1913-இல் கொலம்பியா சென்றார் அம்பேத்கர். 1915-இல் முதுகலைக்காக அவர் எழுதியது பண்டைய இந்திய வணிகம் பற்றி. 1916 மே 9 அன்று கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் அவர் வாசித்தது இந்தியாவில் சாதிகளின் தோற்றமும் இயக்கமும் பற்றி. முன்னது வரலாறு, பின்னது சமூக ஆய்வு. இன்றைய விதிப்படி இரண்டுமே வாசலில் நிறுத்தப்பட வேண்டியவை. உதவிக்கு ஈடாகப் பத்தாண்டுப் பணியைக் கேட்டது மன்னராட்சி. குடியாட்சியோ சிந்தனைப் பொருளையே விட்டுக்கொடுக்கச் சொல்கிறது.

உள்நாட்டில் எல்லாம் இருக்கிறது என்பதும் முழு உண்மையன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களும் இந்தியா ஆபீஸ் ஆவணங்களும் இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அடிமை முறை, பஞ்சம், நிலவரி ஆகியவற்றின் வரலாற்றை எழுத விரும்புவோர் அங்கே போகாமல் என்ன செய்வது? ஆவணங்களை விடுவோம். சாதியை அதன் நிழல் விழாத தொலைவிலிருந்து பார்ப்பதற்கான வாய்ப்பு, அதன் கீழ் வளர்ந்தவருக்கு மிகப் பெரிய ஆய்வுக் கருவி அல்லவா?

இன்னொன்று. பிரான்சிலிருந்து லூயி துய்மோன் வந்து பிரமலைக் கள்ளர்களை ஆராய்ந்தார்; நூல் 1957-இல் வெளியாயிற்று. அதில் தவறேதுமில்லை. ஆனால் வெளியிலிருந்து வருபவர் நம்மை ஆராயலாம், சொந்தப் பணத்தில் செல்லும் வசதியுள்ளவர் எதையும் ஆராயலாம், அரசு உதவியன்றி வேறு வழியற்ற தலித் மாணவர் மட்டும் தம் சமூகத்தைத் தொடக்கூடாது என்றால், அறிவுலகில் அதற்குப் பெயர் என்ன? ஆய்வுப் பொருளாக இருக்கலாம், ஆய்வாளராக வராதே என்பதுதானே?

விண்ணப்பப் படிவத்தில் ஆய்வுத் தலைப்பு என்னும் கட்டத்தின் முன் அமர்ந்திருக்கும் மாணவரை எண்ணிப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம் கையில் இருக்கிறது. அவர் முன்னே இரு வழிகள்: தலைப்பை மாற்றி எழுதுவது, அல்லது பயணத்தைக் கைவிடுவது. எவரும் எதையும் தடைசெய்ததாகப் பதிவாகாது. எழுதப்படாத ஆய்வேடுகளுக்குக் கணக்கும் இராது.

மாணவரின் தகுதியை அரசு சோதிக்கட்டும், செலவுக்குக் கணக்குக் கேட்கட்டும். அவர் எதைப் பற்றிச் சிந்திக்கலாம் என்பதை அவரிடமே விட்டுவிடட்டும். அந்தப் பத்தி முழுமையாக நீக்கப்பட வேண்டும். எழுத்தையும் ஆய்வையும் மதிக்கும் நாம் இதை உரத்துக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.