யார் ஆள்வது? ராஜா தீர்மானிக்கலாமா?

செஞ்சியில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை மைல் கணக்கில் ஓடும் மதில்கள் ஒன்றாகப் பிணைக்கின்றன. மராட்டியரின் ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ ஸ்தாபனம் 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை இதுதான். இவ்வளவு கல்லையும் உழைப்பையும் விழுங்கிய இந்தக் கோட்டை எதற்காக எழும்பியது? ஒரே கேள்விக்காகத்தான். "யார் ஆள்வது?" என்ற கேள்விக்கு அந்நாளில் கத்தியைத் தவிர வேறு பதில் கிடையாது.

சம்பாஜி 1689-ல் கொல்லப்பட்ட பிறகு அவருடைய தம்பி ராஜாராம் தப்பி வந்து இங்கேதான் தர்பார் நடத்தினார். மொகலாயப் படை சுமார் எட்டு ஆண்டுகள் சுற்றி வளைத்துக் கிடந்து 1698-ல்தான் கோட்டையைப் பிடித்தது. ராஜாராம் அதற்குள் தப்பிவிட்டார். பின்னர் கோட்டைத் தலைவராக இருந்த சொரூப்சிங் 1714-ல் காலமானபோது அவருடைய மகன் தேசிங்கு, தந்தையின் பதவி தனக்கே உரியது என்றான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகான் அந்த உரிமையை ஒப்புக்கொள்ளவில்லை. இந்த வழக்கை விசாரிக்க நடுவர் யார்? டில்லிச் சக்கரவர்த்தி பரூக்ஷியரே ஓராண்டுக்கு முன் யுத்தம் செய்து சிம்மாசனம் ஏறியவர்! தேசிங்கு போர்க்களத்தில் மடிந்தான். நாட்டுப் பாடல் அவனுக்காக இன்றும் கண்ணீர் வடிக்கிறது. ஆனால் அவன் கட்சி நியாயமா, நவாப் கட்சி நியாயமா என்று அன்று யாரும் ஆராயவில்லை. ஜெயித்தவன் பக்கமே நியாயம் என்று முடிந்தது.

இன்று செஞ்சித் தொகுதி வாக்காளர் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வீடு திரும்புகிறார். கத்தி உறைக்குள் போய்விட்டது. ஆனால் கேள்வி மட்டும் போகவில்லை. தேர்தல் முடிந்து எந்தக் கட்சிக்கும் மெஜாரிட்டி கிடைக்காவிட்டால், "யார் ஆள்வது?" என்ற அதே பழைய கேள்வி எழுந்து நிற்கிறது. அப்போது எல்லோருடைய கண்களும் ராஜ்யத்தின் தலைவர் மீது திரும்புகின்றன. சில நாடுகளில் அவர் முடிசூடிய அரசர். நம் ராஜ்யங்களில் அவர் கவர்னர். பெயர் வேறானாலும் வேலை ஒன்றுதான். அந்த வேலையின் எல்லை எது என்பதில்தான் வழக்கு.

மலேயாவின் மன்னர் செய்தது

அண்மைக் காலத்தில் இதற்குச் சிறந்த உதாரணம் மலேசியா. தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழும் நாடு அது. அங்கே பரம்பரை அரசர்கள் ஒன்பது பேர். அவர்களில் ஒருவர் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நாட்டின் மாமன்னராகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். 2022 நவம்பர் 19-ந் தேதி அங்கே பொதுத் தேர்தல் நடந்தது. மொத்த ஸ்தானங்கள் 222. ஆட்சி அமைக்க 112 பேர் வேண்டும். அன்வார் இப்ராகிமின் கூட்டணி 80 ஸ்தானங்களைச் சற்றே தாண்டியது. முகைதீன் யாசினின் கூட்டணி 70-ஐத் தாண்டியது. முன்பு நெடுங்காலம் ஆண்ட தேசிய முன்னணிக்கு 30 மட்டுமே. யாருக்கும் மெஜாரிட்டி இல்லை.

மாமன்னர் சுல்தான் அப்துல்லா என்ன செய்தார்? ஆதரவு யாருக்கு என்று தெரிவிக்கும்படி கட்சிகளுக்குத் தேதியும் மணியும் குறித்துக் கெடு வைத்தார். ஒருநாள் நீட்டிக் கொடுத்தார். இரு தலைவர்களையும் ஒன்றாக அழைத்து, சேர்ந்து ஆளலாமே என்று யோசனை சொன்னார். முகைதீன் அதற்கு இசையவில்லை. பிறகு மற்றக் கட்சிகளையும் கலந்து, சக அரசர்களின் மாநாட்டையும் கூட்டி, 24-ந் தேதியே அன்வாரைப் பிரதம மந்திரியாக நியமித்தார். தேர்தலிலிருந்து நியமனம் வரை ஐந்தே நாட்கள். டிசம்பர் 19-ந் தேதி பார்லிமெண்ட் கூடிய முதல் நாளே அன்வார் நம்பிக்கைத் தீர்மானத்தில் வென்றார். மன்னர் கணித்தார், சபை ஊர்ஜிதம் செய்தது. இரண்டும் சேர்ந்ததால்தான் அந்த நியமனம் நிலைத்தது.

ராஜாவுக்குக் கட்சி கிடையாது, ஆகவே அவர் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று இதைக் கொண்டு முடிவு கட்டிவிடலாமா? கூடாது. அதே நாட்டில் பேராக் ராஜ்யத்தில் 2009-ல் நடந்ததைப் பாருங்கள். முந்திய ஆண்டுத் தேர்தலில் 59 ஸ்தானங்களில் 31 பெற்று நிஜார் ஜமாலுதீன் ஆட்சி அமைத்திருந்தார். மூன்று அங்கத்தினர்கள் கட்சியை விட்டு விலகி எதிர்த்தரப்புக்கு ஆதரவளித்தார்கள். சபையைக் கலைத்துத் தேர்தல் நடத்துங்கள் என்று நிஜார் கேட்டார். சுல்தான் அஸ்லான் ஷா மறுத்தார். விலகிய மூவரையும் எதிர்த்தரப்பினரையும் அரண்மனைக்கு அழைத்து விசாரித்து, ஜம்ப்ரியை முதல் மந்திரியாக்கினார். சுல்தான் சாதாரண மனிதர் அல்ல. நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்தவர். அப்படியிருந்தும் வழக்கு ஓயவில்லை. 2009 மே 7-ந் தேதி சபை கூடியபோது, சபாநாயகர் வி. சிவகுமார் ஆசனத்தோடு இழுத்து வெளியேற்றப்பட்டார். ஒரு கோர்ட் நிஜார் பக்கம் சொல்ல, மேல் கோர்ட் ஜம்ப்ரி பக்கம் சொல்ல, 2010 பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்றம் ஜம்ப்ரியின் நியமனம் செல்லும் என்றது.

சட்டத்தில் சுல்தான் ஜெயித்தார். ஆனால் அரண்மனைக்குள் எண்ணியதைச் சபையில் எண்ணியிருந்தால் அந்த அமளிக்கு இடமேது? எண்ணிக்கை சரியாகவே இருக்கலாம். எல்லோருடைய கண் முன்னாலும் எண்ணினால்தான் தோற்றவனும் ஒப்புக்கொள்வான்.

நம் வீட்டுக் கதை

வெளிநாட்டை விட்டு நம் வீட்டுக்கு வருவோம். 1952-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் சென்னை ராஜ்யச் சட்டசபையின் 375 ஸ்தானங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. முதல் மந்திரி குமாரசாமி ராஜாவே தோற்றுப்போனார். கம்யூனிஸ்டுகள் 62 பேர் வந்தார்கள். சுயேச்சைகளும் அதே அளவில் வந்தார்கள். செஞ்சி அடங்கிய தென்னாற்காடு ஜில்லாவிலும் வட ஆற்காட்டிலும் இரண்டு புதிய கட்சிகள் தலைதூக்கின. ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி 19 ஸ்தானங்களையும், மாணிக்கவேலு நாயகரின் காமன்வீல் கட்சி 6 ஸ்தானங்களையும் பிடித்தன. இரண்டும் காங்கிரசை எதிர்த்து ஓட்டுக் கேட்டவை.

பிரகாசம் பந்துலு தலைமையில் எதிர்க்கட்சிகள் ஐக்கிய ஜனநாயக முன்னணியாகச் சேர்ந்து, தங்களிடம் 166 பேர் இருப்பதாகச் சொல்லி ஆட்சி உரிமை கேட்டன. மெஜாரிட்டிக்கு வேண்டியது 188. இரு தரப்புக்குமே அது இல்லை. அந்தச் சமயத்தில் கவர்னர் மாளிகையிலும் ஆள் மாறியது. பவநகர் மகாராஜா கிருஷ்ணகுமார் சிங்ஜி விடைபெற, காங்கிரஸ் தலைவர்களில் ஒருவராகவும் மத்திய மந்திரியாகவும் இருந்த ஸ்ரீபிரகாசா மார்ச்சு 12-ந் தேதி பதவி ஏற்றார். முடியைத் துறந்த ராஜா போய், முடியில்லாத தலைவர் வந்தார்!

ஸ்ரீபிரகாசா ராஜாஜியை அழைத்தார். ராஜாஜி தேர்தலில் நிற்கவே இல்லை. மேல்சபைக்கு அவரை நியமன அங்கத்தினராக்கி, ஏப்ரல் 10-ந் தேதி முதல் மந்திரியாகப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி ஐகோர்ட்டுக்குப் போனார், பலிக்கவில்லை. மாணிக்கவேலு நாயகர் மந்திரியானார். உழைப்பாளர் கட்சி வெளியிலிருந்து ஆதரவு தந்தது. ஜூலை 3-ந் தேதி சட்டசபையில் வாக்கெடுத்தபோது ராஜாஜிக்கு 200 பேர், எதிராக 151 பேர். சங்கடம் தீர்ந்தது.

தனிப் பெரும் கட்சியை முதலில் அழைத்தது தவறு என்று சொல்ல முடியாது. எதிரணிக்கும் மெஜாரிட்டி இல்லைதானே! ராஜாஜியின் ஆற்றலிலும் நேர்மையிலும் யாருக்குச் சந்தேகம்? சிறிய கட்சிகள் ஆட்சியில் பங்கு பெற்றதால், அதுவரை கவனிப்பாரற்றிருந்த விவசாய மக்களுக்கு மந்திரிசபையில் ஒரு குரல் கிடைத்தது என்று வாதிப்பதிலும் நியாயம் உண்டு.

ஆனாலும் ஒரு கணக்கை மறைக்க முடியாது. ஏப்ரல் 10-லிருந்து ஜூலை 3 வரை 84 நாட்கள். 152 பேரோடு பதவியேற்ற மந்திரிசபை, அந்த இடைவெளியில் 200 பேரைத் திரட்டியது. இருந்த மெஜாரிட்டியைக் கண்டறிந்தார்களா, பதவியில் உட்கார்ந்துகொண்டு அதை உண்டாக்கினார்களா? மெஜாரிட்டியைக் கண்டறிவது ராஜ்யத் தலைவரின் கடமை. அதை உண்டாக்க அவகாசம் தருவது அவர் கடமை அல்ல. காங்கிரஸ் வேண்டாம் என்று ஓட்டுப் போட்ட தென்னாற்காட்டுக் குடியானவர், தம் பிரதிநிதி காங்கிரஸ் ஆட்சியைத் தாங்குவதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்? அவரைக் கேட்டவர் யார்?

அவகாசம் என்ற அபாயம்

அந்த 84 நாட்கள் காட்டிய பாதையிலேதான் பின்னாட்களும் நடந்தன. எம்.ஜி.ஆர். மறைந்த பின் 1988 ஜனவரி 7-ந் தேதி ஜானகி அம்மையார் முதல் மந்திரியானார். மெஜாரிட்டியை நிரூபிக்க மூன்று வாரம் கிடைத்தது. அந்த மூன்று வாரமும் கட்சி இரண்டாகப் பிளக்கவே பயன்பட்டது. 28-ந் தேதி சட்டசபையில் அடிதடி. 30-ந் தேதி ஆட்சி கலைக்கப்பட்டது. 2017 பிப்ரவரியில் கவர்னரின் முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில், ஆளும் கட்சி அங்கத்தினர்கள் கூவத்தூர் உல்லாச விடுதியில் தங்கவைக்கப்பட்டார்கள். 16-ந் தேதி பதவியேற்ற எடப்பாடி பழனிசாமி 18-ந் தேதியே 122-க்கு 11 என்ற கணக்கில் வென்றார். சபையில் எண்ண இரண்டு நாள் போதும் என்றால், அதற்கு முன் அத்தனை நாள் விடுதி வாசம் எதற்கு?

சட்டம் இதில் ஊமையாக இல்லை. சர்க்காரியா கமிஷன் 1988-ல் தந்த அறிக்கையில், யாரை எந்த வரிசையில் அழைப்பது என்று கூறியிருக்கிறது. தேர்தலுக்கு முன்பே சேர்ந்த கூட்டணி முதலாவது. பிறகு மற்றவர் ஆதரவுடன் வரும் தனிப் பெரும் கட்சி. அதன் பிறகே தேர்தலுக்குப் பின் சேர்ந்தவர்கள். மெஜாரிட்டி தெளிவாக இல்லாதவர் முப்பது நாளுக்குள் சபையின் நம்பிக்கையைப் பெற வேண்டும் என்றும் அது கூறியது. மெஜாரிட்டியைச் சோதிக்கும் இடம் சட்டசபையே என்று 1994-ல் பொம்மை வழக்கில் சுப்ரீம் கோர்ட் அறுதியிட்டது.

வேறொரு குழப்பத்தையும் நீக்கிக்கொள்ள வேண்டும். ஓட்டு எண்ணிக்கையில் மோசடி, வேட்பு மனுவை நிராகரித்தது செல்லாது என்பன போன்ற தகராறுகள் கவர்னர் வாசலுக்குப் போக வேண்டியவை அல்ல. நாமக்கல் தொகுதியில் மனு நிராகரிக்கப்பட்ட பொன்னுசாமி தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1952 ஜனவரியிலேயே வழியைச் சொல்லிவிட்டது. தேர்தல் நடந்து முடிய வேண்டும். தகராறை அதன் பிறகு தேர்தல் மனுவில் தீர்த்துக்கொள்ள வேண்டும். அந்த மனுக்களை இப்போது ஐகோர்ட்டுகள் விசாரிக்கின்றன. ஆகவே, ஜெயித்தவர் யார் என்று கோர்ட் சொல்லட்டும். ஜெயித்தவர்களில் ஆளத்தக்கவர் யார் என்று சபை சொல்லட்டும். ராஜாவும் கவர்னரும் சபையின் கதவைத் திறந்துவிடட்டும். அதற்கு மேல் அவர்கள் வேலை இல்லை.

கதவைத் திறப்பதற்கும் முறை உண்டு. யாரை, எந்தக் காரணத்தால் அழைத்தார் என்பதை மக்களுக்குப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். அழைக்கப்பட்டவர் சபையைச் சந்திக்கும் தேதியையும் அப்போதே குறிக்க வேண்டும். அந்தத் தேதி வாரக் கணக்கில் தள்ளிப் போகாமல் நாட் கணக்கில் இருக்க வேண்டும். மந்திரிப் பதவிகளைப் பங்கிடுவது அந்த வாக்கெடுப்புக்குப் பின் இருந்தால், பேரத்துக்குச் சந்தையே கூடாது. இவற்றுக்கு அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டிய அவசியம்கூட இல்லை. நல்ல சம்பிரதாயம் ஒன்று நிலைபெற்றால் போதும்.

மன்னர் நல்லவராக இருப்பார், கவர்னர் நடுநிலையாக இருப்பார் என்று நம்பி இருப்பது பழைய காலத்துப் பழக்கம். தேசிங்கின் வழக்கைக் கேட்க அன்று சபை கிடையாது. அதனால் மலை மேல் கோட்டை கட்ட நேர்ந்தது. இன்று சபை இருக்கிறது. அதைக் கூட்டாமல் மாளிகைக்குள்ளேயே வழக்கை முடித்துக்கொண்டால், செஞ்சி வாக்காளர் வரிசையில் நின்று போட்ட ஓட்டுக்கு என்ன மதிப்பு?