கைபேசிப் புதிர் விளையாட்டுக்கள்

புதிர்களை விடுவிப்பதில் மாந்தர்க்குள்ள விருப்பம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. தொல்காப்பியனார் பிசி எனப்படும் விடுகதையையும் இலக்கிய வகைகளுள் ஒன்றாக வைத்து எண்ணினார். 1913-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஆர்தர் வின் என்பார் அமைத்த குறுக்கெழுத்துப் புதிர் நியூயார்க் நகரத்துச் செய்தித்தாள் ஒன்றில் வெளிவந்தது. 1984-ஆம் ஆண்டில் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்பார் டெட்ரிஸ் என்னும் கட்டையடுக்கும் விளையாட்டைக் கணிப்பொறியில் இயற்றினார். இவ்வழியில் வந்தனவே இஞ்ஞான்று நம் கைபேசிகளில் நிறைந்துள்ள சிறு புதிர் விளையாட்டுக்கள். புகைவண்டியிலும், உணவுவிடுதியிலும், விரிவுரை தொடங்குமுன் வகுப்பறையிலும் மாணாக்கர் பலர் தலைகுனிந்து இவற்றில் ஈடுபட்டிருத்தலைக் காண்கின்றோம். இவற்றின் நலந்தீங்குகளைச் சிறிது ஆராய்தல் நன்று.

இவ்விளையாட்டுக்கள் மனத்தைக் கவர்தற்குக் காரணங்கள் உள. முதலாவது, இவற்றைக் கற்க ஆசிரியரும் வேண்டா, நூலும் வேண்டா. ஒரு நிறத்து மிட்டாய்கள் மூன்றினை வரிசைப்படுத்துக என்னும் ஒரு விதியை அறிந்தால் சிறுவனும் ஆடலாம். இரண்டாவது, துணை தேடுதல் வேண்டா. பேருந்துக்குக் காத்திருக்கும் ஐந்து நிமிடத்தில் ஓர் ஆட்டம் முடிந்துவிடும். மூன்றாவது, தேர்வுக்கு வருந்திப் படித்தவன் தன் உழைப்பின் பயனைக் காணப் பல திங்கள் காத்திருக்கின்றான். விளையாட்டிலோ சிதறிக் கிடந்தவை ஒழுங்குபெறுதலை அக்கணமே காண்கின்றான். களைத்த மனத்திற்கு அஃது ஓர் ஆறுதலே. அவ்வாறுதலைக் குற்றமெனக் கடிவோர் மாந்தர் இயல்பை அறியாதவராவர்.

ஆயினும் இவ்விளையாட்டுக்களெல்லாம் ஒரு தன்மையன அல்ல. முடிவுடையன, முடிவிலாதன என இவற்றை இருவகையாகப் பிரித்து நோக்குதல் வேண்டும். ஜோஷ் வார்டில் என்பார் 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் பொதுமக்களுக்கு வெளியிட்ட வேர்டில் என்னும் சொற்புதிர் முதல்வகைக்குச் சான்றாகும். அவர் அமைத்தவாறு அது நாளொன்றுக்கு ஒரு சொல்லையே தந்தது. ஐந்தெழுத்துடைய அவ்வாங்கிலச் சொல்லை ஆறு முயற்சிக்குள் கண்டறிதல் வேண்டும். கண்டறியினும் அறியாவிடினும் அன்றைய ஆட்டம் அவ்வளவே. எல்லார்க்கும் அதே சொல்லாதலின், ஆடினோர் தம்முள் அதனைப்பற்றி உரையாடியும் மகிழ்ந்தனர்.

2012-ஆம் ஆண்டில் வெளிவந்த கேண்டி கிரஷ் சாகா இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதற்கு ஆயிரக்கணக்கான படிகள் உள்ளன. புதியனவும் சேர்க்கப்பட்டு வருகின்றன. ஒரு படியில் தோற்றால் ஓர் உயிர் குறையும். ஐந்துயிரும் தீர்ந்தால், அரைமணிக்கு ஓருயிராக அவை மீளும்வரை காத்திருத்தல் வேண்டும். காத்திருக்க மனமில்லாதவன் பணங்கொடுத்துத் தொடரலாம். இன்னும் இரண்டு நகர்த்தல் இருந்திருப்பின் வென்றிருப்போம் என்று ஏங்கும் வேளையில், மிகுதி நகர்த்தல்களை விலைக்குத் தர அவ்விளையாட்டே முன்வரும். ஆட்டத்திற்கு விலையில்லை, பொறுமையின்மைக்கே விலை. இதனை ஆக்கிய கிங் என்னும் நிறுவனத்தை 2016-ஆம் ஆண்டில் ஆக்டிவிஷன் பிளிசார்ட் நிறுவனம் ஏறத்தாழ 590 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. விலையின்றி விளையாட்டளிப்போர்க்கு இத்துணைப் பெருமதிப்பு எங்ஙனம் வந்தது என்பதை மாணாக்கர் எண்ணிப் பார்ப்பாராக.

இவை அறிவைக் கூர்மையாக்குமே என்பர் சிலர். அத்தகைய விளம்பரம் செய்த லுமோசிட்டி என்னும் விளையாட்டுத் தொகுதியை நடத்தியோர்மீது அமெரிக்கக் கூட்டாட்சி வாணிப ஆணையம் குற்றஞ்சாட்ட, அவர்கள் 2016-ஆம் ஆண்டு ஜனவரியில் 20 இலட்சம் டாலர் செலுத்த இசைந்தனர். கல்வியிலும் தொழிலிலும் தேர்ச்சி தரும், முதுமையின் மறதியைத் தள்ளிவைக்கும் என்ற அவர்தம் கூற்றுக்குத் தக்க அறிவியற் சான்றில்லை என்பதே அவ்வழக்கு. ஒரு விளையாட்டைப் பலகால் ஆடுவோன் அவ்விளையாட்டில் வல்லவனாவான். அவ்வன்மை கணக்கிற்கும் இலக்கணத்திற்கும் தானே வந்து உதவும் என்று நம்புதல் பொருந்தாது.

இனி, பணம் ஒருகாசும் செலவிடாது ஆடுவோரே பெரும்பாலோர். அவர்க்கும் ஓர் இழப்பு உண்டு. இரண்டு விரிவுரைகட்கு இடைப்பட்ட சிறுபொழுது, கேட்டது மனத்திற் படிதற்கும், அருகிலிருப்பவனோடு அளவளாவுதற்கும், ஐயம் ஒன்று தானே எழுதற்கும் உரிய பொழுது. அப்பொழுதெல்லாம் மிட்டாய்களுக்கே சென்றால் ஐயம் எழ இடமேது? அன்றியும், விளையாட்டுப் புதிருக்கு விடையுண்டென்பது ஆடுவோனுக்கு முன்னரே தெரியும். கல்வியில் எதிர்ப்படும் வினாவோ ஒருநாள் முழுதும் விடைதராது நிற்கும். அங்கே சலியாது அமர்ந்திருத்தலே கல்வியிற் பெரும்பகுதி. சலிப்புத் தோன்றியவுடன் கைபேசியை நாடும் கை அவ்வமர்வைப் பழகாது போகும்.

ஆதலின் விடுதிகளில் இவற்றை அறவே தடுத்தல் வேண்டுமென்று கூறுவோமா? கூறோம். தடையினால் ஒளித்தாடும் பழக்கமே வளரும். முடிவுடைய ஆட்டங்களைத் தெரிந்துகொள்க; வாவென்று அழைக்கும் அறிவிப்புக்களை அடைத்து வைக்க; தந்தையார் அனுப்பும் பணம் இருக்கும் வங்கிக்கணக்கை விளையாட்டுடன் இணையாதிருக்க. ஆட்டம் முடியும் நேரத்தை வகுப்பவர் யார் என்று ஒவ்வொருவரும் தம்மையே வினவிக்கொள்க. தாமே வகுப்பவராயின் அச்சமின்றி ஆடுக. விளையாட்டு வகுப்பதாயின் அதனை இன்றே கைபேசியினின்றும் நீக்குக. கல்லூரியில் நமக்குக் கிடைக்கும் ஓய்வுப்பொழுது சிறிது. அதனை ஆளும் உரிமையைப் பிறரிடம் ஒப்புவித்தல் தகாது.