மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

147,573,952,589,676,412,927.

மொத்தம் 21 இலக்கங்கள். இரண்டை 67 முறை எழுதிப் பெருக்கி, விடையில் ஒன்றைக் கழித்தால் இது வரும். எனக்கு மிகவும் பிடித்த எண்.

1644இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி, இதைப் பகா எண் என்று பட்டியலிட்டார். அதாவது, ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாது. 232 ஆண்டுகள் கழித்து, 1876இல், எடுவார் லூக்கா என்பவர் அது தவறு என்று நிறுவினார். சரி, எந்த எண்ணால் வகுபடும்? அது அவருக்கும் தெரியாது! டுரியானைத் தட்டிப் பார்த்தே பழுத்துவிட்டது என்கிறார் கடைக்காரர். எத்தனை சுளை என்று கேட்டால் பிளந்துதானே சொல்ல முடியும்?

பிளந்தவர் அமெரிக்கர் ஃபிராங்க் நெல்சன் கோல். 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த கணிதச் சங்கக் கூட்டத்தில், அவர் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கரும்பலகையில்

193,707,721 × 761,838,257,287

என்று எழுதி, கையாலேயே பெருக்கிக் காட்டிவிட்டு அமர்ந்தார் என்பார்கள். அரங்கம் கைதட்டியதாம். இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலமானது என்று பின்னர் ஒருவர் கேட்டதற்கு, மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

கோலுக்கு ஒரு சலுகை இருந்தது. இந்த எண்ணின் எந்தக் காரணியை 134ஆல் வகுத்தாலும் மீதி 1தான் வரும். மற்ற எண்களைத் தொடவே வேண்டாம். அப்படியும், சிறிய காரணியை எட்டுமுன் 1.4 மில்லியனுக்கும் அதிகமான எண்கள் வரிசையில் நிற்கின்றன. வேறு நுணுக்கங்களால் அவற்றையும் அவர் வடிகட்ட வேண்டியிருந்தது.

பெருக்கச் சில நிமிடம், பிரிக்க மூன்றாண்டு. இணையத்தில் பரவலாகப் புழங்கும் பூட்டுகளில் ஒன்று இந்த இடைவெளியில்தான் தொங்குகிறது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி, 600 இலக்கத்துக்கும் மேற்பட்ட விடையை ஊரறிய வைத்துவிடுவார்கள். அதைப் பிரிக்கத் தெரிந்தவனுக்குப் பூட்டு திறக்கும். கைத்தொலைபேசியில் என் சேமிப்புக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்தும். விரைவாகப் பிரிக்க வழியே இல்லை என்று இதுவரை யாரும் நிறுவவில்லை. சாதாரணக் கணினிக்கு அப்படியொரு வழி இன்னும் சிக்கவில்லை, அவ்வளவுதான். குவாண்டம் கணினி போதிய அளவு வளர்ந்தால் அதனால் முடியும் என்று 1994இலேயே பீட்டர் ஷோர் காட்டிவிட்டார். அதனால்தான் 2024இல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு, காரணிகளை நம்பாத புதுப் பூட்டுகளுக்கு விதிமுறை வெளியிட்டது.

வீட்டில் உயர்நிலை ஒன்று படிக்கும் பிள்ளை இருந்தால் 8051ஐக் கொடுத்து, இரண்டு பகா எண்களாகப் பிரிக்கச் சொல்லுங்கள். கால்குலேட்டர் கூடாது. பெற்றோருக்கு மட்டும் ஒரு துப்பு: தொண்ணூறைத் தொண்ணூறால் பெருக்கி, அதிலிருந்து 8051ஐக் கழித்துப் பாருங்கள்.